முதல் அறையில் ஓர் எலி

வேலை இல்லாதவனிடம் கருத்துக்குப் பஞ்சமே இருக்காது. எண்பதுகளின் நடுவில், பி.எஸ்ஸி. கணிதத்தை முடித்துவிட்டு, பாப்பாரப்பட்டிக்கும் இண்டூருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். மழை ஏன் பெய்யவில்லை, பஸ் ஏன் நேரத்துக்கு வரவில்லை, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு கருத்து தயாராக இருந்தது. அவற்றில் மிக உறுதியானது இது: உலகத்துக்கு இன்னொரு தொடக்கப் பெட்டி தேவையில்லை.

என்ன பெட்டி என்று கேட்பீர்கள். அதைச் சொன்னால்தான் எங்கள் ஊர் சாமியார் எப்படிச் செத்தார், செத்த பிறகு தன் சாவுக்கு அவரே எப்படி வந்து நின்றார் என்பது விளங்கும்.

அம்மாவின் தம்பி இன்னாசி மாமா சரக்குக் கப்பலில் சமையல்காரர். லீவில் வரும்போதெல்லாம் சோப்பு, டார்ச் லைட், எங்கள் வீட்டில் யாருக்கும் சேராத அளவில் பனியன் என்று அள்ளிக்கொண்டு வருவார். ஒருமுறை ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். மூடியில் றெக்கை வைத்த பெரிய பாம்பு ஒன்று நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். "மிக்கேல் சம்மனசு எங்கடா? காலுக்கடியில கெடக்கறத மட்டும் தனியா அச்சடிச்சிருக்கான்" என்றார். கோயில் சுரூபத்தில் அந்தத் தேவதூதர் மிதித்துக்கொண்டிருப்பது இந்த மாதிரி ஒரு பாம்பைத்தான்.

உள்ளே இரண்டு ஆங்கிலப் புத்தகங்கள், கொஞ்சம் பகடைகள். நாம் பார்த்த ஆறு முகப் பகடை மட்டுமில்லை. நாலு முகம், எட்டு முகம், கடைசியாக இருபது முகம். முகங்களில் எண்களைப் பள்ளமாகச் செதுக்கிவிட்டு வண்ணம் பூசாமல் விட்டிருந்தார்கள். கூடவே ஒரு மெழுகு கலர் பென்சில் கொடுத்து, நீயே தேய்த்து நிரப்பிக்கொள் என்று எழுதியிருந்தது. (வெளிநாட்டுக்காரனும் வேலையை அரைகுறையாக விடுவான் என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.)

ஆட்டம் இதுதான். ஒருவன் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொள்ள வேண்டும்: போர்வீரன், மந்திரவாதி, திருடன், குரு. "இருட்டு குகை, எதிரே ஒரு கதவு, என்ன செய்யறீங்க?" என்று கதை சொல்கிறவன் கேட்பான். இவர்கள் செய்வதைச் சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். பலகை கிடையாது, காய் கிடையாது, எல்லாம் வாயில்தான். வாயை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்கலாம் என்று ஒரு ஆட்டம் இருந்தால், அது எனக்காகவே கண்டுபிடித்ததுதான் என்று நினைத்தேன்.

என்னோடு ஆடியவர்கள் இரண்டு பேர். பெருமாள் வீட்டில் ஊரிலேயே அதிக நிலம். ஊரிலேயே ஆழமான கிணறும் அவர்களுடையதுதான். அந்த வருஷம் அதன் அடியில் தவளை கூட இல்லை. மஞ்சுநாத்துக்கு பஸ் ஸ்டாப் பக்கத்தில் சைக்கிள் பஞ்சர் கடை. வீட்டில் கன்னடம், கடையில் தமிழ். பகடை மோசமாக விழுந்தால் மட்டும் கடையிலும் "அய்யோ தேவ்ரே" என்பான். மத்தியான வெயிலில் யாரும் சைக்கிள் மிதிக்காத நேரத்தில் அந்தக் கடையில்தான் ஆடுவோம். வெளியே ரோடு வெறிச்சென்று கிடக்கும். ஏரி வெடித்துப் பாளமாகக் கிடக்கும். விடிகாலை பெங்களூர் பக்கம் போகும் பஸ்ஸில் ஊர் ஆட்கள் மூட்டையோடு ஏறிப் போய்விட்டிருப்பார்கள். நாங்கள் மூவரும் குகைக்குள் இருப்போம்.

பெட்டியில் ஒரே ஒரு குகைதான் இருந்தது. அதையே திரும்பத் திரும்ப ஆடினோம். எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது மூன்று பேருக்கும் மனப்பாடம். இருந்தாலும் பெருமாள் ஒவ்வொரு தடவையும் கதவில் காதை வைத்துக் கேட்பான். அவனுடைய போர்வீரன் மூன்றாம் நிலைக்கு உயர்ந்ததும் புத்தகம் முடிந்துவிட்டது. 'மேற்கொண்டு ஆட அடுத்த பெட்டியை வாங்கவும்' என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது. பாப்பாரப்பட்டி சந்தையில் எல்லாம் கிடைக்கும், இது கிடைக்காது. மாமாவுக்கு எழுதினேன்: அடுத்த பெட்டி, அடுத்த பெட்டி, அடுத்த பெட்டி.

மாமா அடுத்த லீவில் வந்தார். பெட்டியும் வந்தது. மூடியில் வேறு பாம்பு, முன்னதைவிடக் கோபமாக. கடையில் வைத்துப் பிரித்தோம். முதல் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'பகடை என்றால் என்ன?'

அதுவும் தொடக்கப் பெட்டிதான். புதுசாகப் போட்ட தொடக்கப் பெட்டி.

"என்னா மாமா இது?" என்று வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"கடைக்காரன் எது வேணும்னான். எது புதுசோ அதக் குடுன்னேன். ஏன்டா, பழசா வேணும்?" என்றார் மாமா. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

மறுநாள் பஞ்சர் கடையில் ஒரு விவாதம் நடந்தது. சட்டசபையில்கூட அவ்வளவு சூடாக நடந்திருக்காது.

"மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கறதுக்கு ஒரு பெட்டி எதுக்குடா?" என்றான் பெருமாள். "டைப்ரைட்டிங் லோயர் மூணு தடவ எழுதியிருக்கேன். எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிவ புதுப்பிச்சிகிட்டே இருக்கேன். எங்கப்பா வருஷா வருஷம் புதுசா கெணறு தோண்டறாரு. ஆரம்பிக்கறதுல நமக்கு என்னா கொற?"

மஞ்சுநாத்துக்கு மட்டும் புதுப்பெட்டி பிடித்திருந்தது. படம் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இதுல எல்லாம் மெதுவா சொல்லிக் குடுக்கறான்டா. புதுசா வர்றவனுக்கு இது சுலபம்."

"இந்த ஊருக்குப் புதுசா எவன்டா வரப் போறான்?" என்றான் பெருமாள். "இருக்கறவனே போயிகிட்டு இருக்கான்."

மஞ்சுநாத் புத்தகத்தை மூடினான். நான் தீர்ப்பு சொன்னேன்: தேவையில்லை. ஆரம்பம் என்பது ஒருமுறைதான், இரண்டாவது தொடக்கப் பெட்டி என்பது கம்பெனிக்காரனின் சோம்பேறித்தனம். (எனக்குச் சோம்பேறித்தனம் என்றால் என்னவென்று தெரியும் என்பதால் அடித்துச் சொன்னேன்.) அந்தப் புத்தகத்தை ஒரு பக்கத்துக்கு மேல் நான் படிக்கவேயில்லை.

வீட்டில் அப்பாவுக்கும் ஒரு தீர்ப்பு இருந்தது. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ஆடி மாசம் முடியட்டும். பெங்களூர்ல சின்னப்பன் மேஸ்திரி ஆள் கேட்டிருக்கான். மண்ணு சொமக்க பி.எஸ்ஸி. வேணாங்கறான், இருந்தாலும் பரவாயில்லயாம்."

அம்மா அன்றே கோயிலுக்கு ஓடினார். பீடத் துணிகளைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பது அம்மாதான், அதனால் பங்குக் குருவிடம், அதாவது கோயில் பாதிரியாரிடம், நேராகப் பேசும் உரிமை உண்டு. எங்கள் பக்கம் பங்குக் குருவை சாமி என்றுதான் கூப்பிடுவோம். அப்போது இருந்தவர் ஞானாதிக்கம் சாமி. அறுபது வயது, குட்டையான உருவம், பிரசங்கத்தில் யாரையும் திட்டாதவர். அதனாலேயே அவர் பிரசங்கத்தில் பாதிப் பேர் தூங்குவார்கள். பங்குப் பள்ளிக்கூடத்தின் தாளாளரும் அவர்தான். அந்த வருஷம் அங்கே புதிதாக ஆங்கிலவழிப் பிரிவு ஆரம்பித்து, இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"எம் புள்ள இங்கிலீஷ் பொஸ்தகம் படிப்பான் சாமி. தொண்டத் தண்ணி வத்தற வரைக்கும் படிப்பான். பஞ்சர் கடையில கூட்டமே ஒக்காந்து கேக்குது" என்று அம்மா சொல்லியிருக்கிறார். (கூட்டம் என்பது இரண்டு பேர்.)

பி.எட். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆறாம் வகுப்பில் ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்டட்டும் என்றார் சாமி. தலைமையாசிரியை சிஸ்டர் ரெஜினாவும் அவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பிடித்திருந்தால் வேலை.

"பாடப் புஸ்தகத்த எடுத்துட்டுப் போடா" என்றான் பெருமாள். "முன்னால நின்னு நாலு வார்த்த, பின்னால வந்து நாலு வார்த்த. வேல கெடைக்கும், எங்களுக்கு டீ வாங்கிக் குடு."

"அது சாதாரண வாத்தியார் பண்றது" என்றேன்.

அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பல் கூசுகிறது.

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். பழையதன் மூலைகள் நைந்து, அட்டை பஞ்சாகிவிட்டிருந்ததால், பார்வைக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று புதுப்பெட்டியைத்தான். ஆட்டம் என்னவோ எனக்குத் தலைகீழாகத் தெரியுமே. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தலை நிறைய எண்ணெய், கக்கத்தில் நெருப்பைக் கக்கும் பாம்பு. வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" என்றார்கள். என்னை முதன்முதலாக யாரோ சார் என்று கூப்பிட்டது அன்றுதான். அந்த மயக்கம் தெளியவே கொஞ்ச நேரமானது.

ஆட்டத்தை ஆங்கிலத்தில் விளக்கினேன். பிள்ளைகள் கண் சிமிட்டாமல் பார்த்தார்கள். விளங்கியதால் அல்ல, பயத்தால். "ஹூ வில் கம்?" என்றேன். ஒருவரும் அசையவில்லை. "நோ ஒன்?" என்றேன். முன்வரிசைப் பெண் குழந்தை ஒன்று அழுவதற்கு வாயைக் கோணியது. கடைசி பெஞ்சில் சிஸ்டர் ரெஜினா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் ஞானாதிக்கம் சாமி எழுந்தார். என் மேல் பரிதாபப்பட்டு எழுந்தாரா, ஆட்டத்தின் மேல் ஆசைப்பட்டு எழுந்தாரா என்று அன்றைக்குத் தெரியவில்லை. "நான் வர்றேன்" என்று முன்பெஞ்சில் வந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருவருக்கு நடுவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். வகுப்பே கலகலத்தது. எனக்கு உயிர் வந்தது.

"வாட் வில் யூ பீ, ஃபாதர்?" என்று கேட்டுவிட்டு, ஐஸ் வைப்பதாக நினைத்து நானே அவருக்கு குரு வேஷத்தைக் கொடுத்தேன். அடுத்து அவருடைய ஆளுக்கு எத்தனை உயிர் என்று பகடை போட வேண்டும். சாமி பகடையை இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு போட்டார். இரண்டு விழுந்தது. இரண்டே இரண்டு உயிர்.

"ரெண்டு போதுமா?" என்றார் சாமி.

"போதும் சாமி" என்றேன்.

குகைக்குள் நுழைந்தார். முதல் அறை. மூலையில் ஒரு பெருச்சாளி, நாய் உயரத்துக்கு. பிள்ளைகள் இப்போது பெஞ்சு மேல் ஏறி நின்றிருந்தார்கள். "அடிங்க சாமி! அடிங்க சாமி!" என்று கத்தினார்கள். சாமி இருபது முகப் பகடையை உருட்டினார். தப்பியது. எலியின் முறை. நான் உருட்டினேன். கடி விழுந்தது. அந்தக் கடியில் எத்தனை உயிர் போகும் என்று பார்க்க இன்னொரு பகடை. அது மேஜை ஓரம் வரை ஓடி, நின்று, இரண்டு என்றது.

அந்த நொடியில் அறிவுள்ள எந்த மனிதனும் பகடையைக் கையால் மூடியிருப்பான். ஒன்று என்று சொல்லியிருப்பான். எலிக்குப் பல் வலி என்று சொல்லியிருப்பான். நான் பஞ்சர் கடையில் சட்டம் படித்தவன். விழுந்தது விழுந்ததுதான்.

"யூ ஆர் டெட், ஃபாதர்" என்றேன்.

அதைத் தமிழில் சொல்லியிருந்தால் இவ்வளவு மோசமாகக் கேட்டிருக்காது.

"யாரு?" என்றார் சாமி.

"நீங்கதான் சாமி. எலி கடிச்சு செத்துட்டீங்க."

"இப்பதானே உள்ள வந்தேன்?"

"ஆமாம் சாமி."

அவர் பகடையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "சரி. செத்தா என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண முடியாதுங்க சாமி. செத்தவங்க சும்மா உக்காந்திருக்கணும்."

பின்னாலிருந்து சிஸ்டர் ரெஜினாவின் குரல் வந்தது. "அவஸ்தைப்பூசுதல்கூட இல்லாமலா?"

சாகிறவர்களுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்கு அது. கேட்டது கிண்டலா கோபமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் இடைவேளை மணி அடித்துவிட்டது. ஆறாம் வகுப்பு மொத்தமும் மடை திறந்த மாதிரி வெளியே ஓடியது. ஓடும்போது சும்மா ஓடவில்லை. "சாமி செத்துட்டாரு! எலி கடிச்சு சாமி செத்துட்டாரு!" என்று, ஒரு மாபெரும் செய்தியை முதலில் சொல்லும் சந்தோஷத்தில் கத்திக்கொண்டே ஓடியது.

பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம்தான். அதன் நிழலில் கோயில்பிள்ளை சவரியப்பன் உட்கார்ந்திருந்தார். கோயிலைப் பெருக்குவது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, மணி அடிப்பது எல்லாம் அவர்தான். ஒரு காது மந்தம், கடமையில் மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது. 'சாமி செத்துட்டாரு' என்பது அவர் காதில் விழுந்தது, எலி விழவில்லை. யாரிடமும் எதுவும் கேட்காமல் எழுந்து போய், துக்க மணி அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

துக்க மணி தெரியாதவர்களுக்கு: ஒரு அடி, நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு அடி. கேட்கிறவர்கள் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிட்டு யாருக்கு என்று விசாரிப்பார்கள். எங்கள் ஊரில் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை, பதில் பாவாடை சட்டையில் தெருத்தெருவாக ஓடிக்கொண்டிருந்தது.

மணிச் சத்தம் கேட்டு சாமி வராந்தாவுக்கு வந்தார். பின்னாலேயே நான். பெண்கள் தலைவிரி கோலமாக ரோட்டிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் வாசலிலேயே ராகம் எடுத்துவிட்டார். களத்துமேட்டிலிருந்து ஆண்கள் துண்டைக் கையில் பிடித்தபடி வந்தார்கள். கூட்டத்தின் முன்னால் மார்பில் அடித்துக்கொண்டு வந்தது என் அம்மா.

சாமி வேப்பமரத்தைத் தாண்டி கோயில் மணி வரை நடந்தார். மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த சவரியப்பனின் முதுகைத் தொட்டார். "யாருக்குய்யா மணி?"

சவரியப்பன் திரும்பாமலே சொன்னார்: "உங்களுக்குத்தான் சாமி."

இன்னொரு அடி அடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் நடந்ததை நான் முழுசாகப் பார்க்கவில்லை. அம்மா சாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கக்கத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தார். விளங்கிவிட்டது. சிஸ்டர் ரெஜினா என்னிடமிருந்து பெட்டியைப் பிடுங்கி, அழுக்குத் துணியைத் தொடுவது போல இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். ராகம் எடுத்த அம்மாள் மட்டும் எடுத்ததை எங்கே முடிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தொடர்ந்தார்.

வேலை கிடைக்காது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். ஆனால் அந்த வாரமே சாமி காய்ச்சலில் விழுந்தார். இண்டூரிலிருந்து டாக்டர் வந்து ஊசி போட்டும் இறங்கவில்லை. ஊர் என்னைப் பார்க்கும் பார்வை மாறியது. டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது. "அந்த வூட்டுப் பையன் எதையோ உருட்டி வுட்டுட்டான்" என்று என் காதுபடவே பேசினார்கள். அம்மா பேசவில்லை. ஒருநாள் சாயங்காலம் நான் பஞ்சர் கடையிலிருந்து வந்தபோது அடுப்பில் பழைய பெட்டி எரிந்துகொண்டிருந்தது. பகடைகள் உருகும் நாற்றம் வீடெல்லாம். அம்மா அதே அடுப்பில் களி கிண்டினார். அன்று மூன்று பேரும் தலை நிமிராமல் சாப்பிட்டோம்.

பெருமாளும் மஞ்சுநாத்தும் என்னை விட்டு விலகவில்லை. ஆனால் கடையில் உட்கார்ந்தால் பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் போனது. சாமி நிஜமாகவே செத்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குள் ஒரு கல் கிடந்தது. படித்தவன், பகடைக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். இருந்தாலும் படுத்தால் அந்தப் பகடை மேஜை ஓரம் வரை ஓடி நிற்பதுதான் தெரிந்தது.

ஒருநாள் சவரியப்பன் வந்தார். "சாமி உன்னைக் கூப்புடறாரு" என்றார்.

கோயிலுக்குப் பின்னால் சாமியார் பங்களா. சாமி சாய்வு நாற்காலியில் கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு படுத்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். மடியில் என் புதுப்பெட்டி, திறந்து கிடந்தது.

"தோத்திரம் சாமி."

"உக்காரு. ஆளக் கொன்னுட்டு எட்டிக்கூடப் பாக்கல நீ."

நான் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"சிஸ்டர் இத எரிக்கறதா வேண்டாமான்னு பாக்கச் சொல்லி எங்கிட்ட குடுத்தாங்க. படுத்திருக்கேனே, வேற என்ன வேல? முழுசாப் படிச்சேன்." இருமினார். "நீ இத படிச்சியா?"

"எனக்கு ஆட்டம் மனப்பாடம் சாமி. இது சும்மா ஆரம்பிக்கறவங்களுக்குன்னு ரெண்டாவதா போட்டது. தேவையே இல்லாத பெட்டி."

"படிச்சியான்னு கேட்டேன்."

"இல்லைங்க சாமி."

அவர் பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்து, ஆங்கிலத்தில் நிதானமாகப் படித்தார். கதை சொல்கிறவனுக்கு அதில் எழுதியிருந்தது இதுதான்: முதன்முதலாக ஆடுகிறவரை முதல் அறையிலேயே சாகவிடாதீர்கள். மயங்கி விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே செத்தவர் திரும்ப ஆட வரமாட்டார்.

புத்தகத்தை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "மயக்கம்டா. எனக்கு மயக்கம்தான் வந்திருக்கணும். அச்சடிச்சு குடுத்திருக்கான். நீ கொன்னே போட்டுட்ட." அவர் குரலில் இருந்தது கோபமில்லை, குறை. சாப்பாட்டுப் பந்தியில் தன் இலைக்கு மட்டும் பாயசம் வராத மனுஷனின் குறை.

"மன்னிச்சிடுங்க சாமி."

"அது கெடக்கட்டும். அன்னைக்கு எல்லாரும் வந்தாங்க இல்ல, நான் பாத்தேன், யார் யார் அழுதாங்கன்னு. உங்கம்மா அழுதாங்க. நிஜமா அழுதாங்க. சவரியப்பன் அழல. பன்னெண்டு வருஷமா ஒரே அடுப்புல சாப்புடறோம்." ஜன்னல் பக்கம் பார்த்தார். "மணி மட்டும் நல்லா அடிச்சான்."

வெளியே சவரியப்பன் பெருக்கும் சத்தம் கேட்டது.

"இப்ப சொல்லு," என்றார் சாமி, குரலைத் தாழ்த்தி. "அந்த எலி இருந்த ரூமுக்கு எதிர்க்க ஒரு கதவு இருந்துச்சே. அதுக்கு அந்தப் பக்கம் என்ன?"

கதை சொல்கிறவனின் பக்கங்களை அவர் படித்திருந்தாலும், குகையின் வரைபடத்தை மட்டும் பார்க்காமல் மடித்து வைத்திருந்தார். ஆட வேண்டியவர் பார்க்கக் கூடாது என்று அதிலேயே போட்டிருந்ததாம். நான் வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். முதல் அறையில் அதே எலி. கதவுக்கு அந்தப் பக்கம், இரண்டாவது அறை என்ற இடத்தில் இரண்டே வார்த்தை: காலி அறை.

பஞ்சர் கடை என்றால் அப்படியே சொல்லியிருப்பேன். காலி என்றால் காலி. அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்தேன். காய்ச்சலில் உதடு வெடித்து, ஏதோ ஒன்று இருக்கும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

"எலி கடிச்சதுல மயக்கமாயிட்டீங்க சாமி" என்றேன். "இப்ப எந்திரிச்சிட்டீங்க. எலி இல்ல. கதவ தொறக்கறீங்களா?"

"தொறக்கறேன்."

"உள்ள ஒரு கெணறு இருக்கு."

அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. புத்தகத்தில் இல்லாத ஒன்றை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "தண்ணி இருக்கா?"

"இருக்கு சாமி."

"எவ்வளவு?"

"கை வெச்சா எட்டும்."

அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு கிணற்றை யாரும் பார்த்ததில்லை. "நல்ல தண்ணியா, கெட்ட தண்ணியா?" என்றார்.

"பகடை போட்டுத்தான் பாக்கணும் சாமி."

போட்டார். பகடை நாற்காலிக்கு அடியில் உருண்டுவிட்டது. நான் குனிந்து எடுத்தேன். ஒன்று விழுந்திருந்தது. இருபது முகத்தில் ஒன்று. அதைவிட மோசமான எண் கிடையாது.

"பதினெட்டு சாமி" என்றேன். "நல்ல தண்ணி. குடிங்க."

ஆடி மாசம் முடியும் வரை சாயங்காலங்களில் பங்களாவுக்குப் போனேன். சாமிக்குக் காய்ச்சல் இறங்கியது. (கிணற்றுத் தண்ணியால்தான் என்று அவர் சொல்லிக்கொண்டார், டாக்டர் ஊசியால் என்றார்.) பெருமாளையும் மஞ்சுநாத்தையும் கூட்டிப்போனேன். புதுப்பெட்டி தேவையில்லை என்று வாதாடிய பெருமாள், சாமிக்கு விதிகளை விளக்கும்போது அதிலிருந்தே படித்துக் காட்டினான்.

வேலை சேலத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் போனது. நல்ல டீச்சர் என்றார்கள். நான் சின்னப்பன் மேஸ்திரியிடம் மண் சுமந்தேன், அப்புறம் அங்கேயே ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை, அப்படியே பெங்களூர்க்காரன் ஆகிவிட்டேன். மஞ்சுநாத் கடையை மூடிவிட்டுத் தன் மாமனார் ஊருக்குப் போனான். பெருமாளின் அப்பா தோண்டிய கிணறுகளில் ஒன்றிலும் தண்ணீர் வரவில்லை, நிலம் கைமாறியது. பெட்டியை சாமியிடமே விட்டுவிட்டேன். அவரை அடுத்த வருஷம் எங்கோ மலைப்பங்குக்கு மாற்றினார்கள். குகை முடியவில்லை, பாதியிலேயே நின்றது.

எங்கள் வீட்டில் யாராவது இன்டர்வியூவுக்குக் கிளம்பினால் இன்றும் அம்மா வாசல் வரை வந்து, "மொதல் ரூம்ல எலி இருக்கும், பாத்துப் போ" என்பார். என் மகள் முதல் வேலைக்குப் போன அன்று போனிலேயே சொன்னார். அவளுக்கு முழுக்கதையும் தெரியும். எனக்குத் தெரிந்ததைவிட அதிகமாகவே தெரியும், மாமாவின் பதிப்பில் எலிக்குக் கொம்பு உண்டு.

ஆனால் எல்லோரும் சேர்ந்தால் கடைசியில் சொல்லச் சொல்லிக் கேட்பது இன்னொன்றை. பல வருஷம் கழித்து ஞானாதிக்கம் சாமி மலைப்பங்கில் நிஜமாகவே இறந்துபோனார். ஊருக்குச் சேதி வந்தது. கோயில் கமிட்டிக்காரர்கள் சவரியப்பனிடம் துக்க மணி அடிக்கச் சொன்னார்கள். அவர் கயிற்றைத் தொடவில்லை.

"அடிய்யா" என்றார்களாம்.

"போன தடவயும் இப்படித்தான் சொன்னீங்க. முதுகுக்குப் பின்னால வந்து நின்னாரு" என்றாராம் சவரியப்பன்.

யார் சொல்லியும் கேட்கவில்லை. அப்போது அவருக்கும் வயதாகி, கண்ணும் மங்கியிருந்தது. தனியாகவே பஸ் ஏறி, இரண்டு பஸ் மாறி, அந்த மலைக்குப் போயிருக்கிறார். கோயிலுக்குள் வைத்திருந்த சாமியின் பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்திருக்கிறார். நம்பாமல் கையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். அங்கேயே உட்கார்ந்து, அன்று அழாமல் விட்டதையும் சேர்த்து அழுதார் என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். மறுநாள் ஊருக்குத் திரும்பி, பையைக்கூடக் கீழே வைக்காமல், நேராகப் போய் மணி அடித்தார்.